காலி பாட்டிலுக்குக் கிடைத்த மரியாதை

ஜூன் 26 வந்துவிட்டால் காரைக்கால் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெயிலில் ஒரு வேலை காத்திருக்கும். அன்றைக்கு உலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாள். ஆளுக்கொரு அட்டை, அதில் ஒரு மண்டை ஓடு, கீழே ஒரு வாசகம். அதிகாரி கொடியை ஆட்டுவார், பேண்டு வாத்தியம் முழங்கும், ஊர்வலம் நகரும். மதுக்கடை கண்ணில் படாத வீதியாகப் பார்த்து ஊர்வலம் விடலாம் என்று எந்தத் தலைமையாசிரியராவது யோசித்தால், பிள்ளைகளை மொட்டை மாடியில்தான் நடக்கவிட வேண்டும். முடிவில் எல்லாரும் வலது கையை நீட்டி, ஒருவர் சொல்லச் சொல்ல உறுதிமொழியைத் திருப்பிச் சொல்வார்கள். ஒரு மோர்ப் பாக்கெட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாலைக்குள் படிவம் மேலே போகும்: கலந்துகொண்ட மாணவர் இத்தனை, மாணவியர் இத்தனை, படம் இணைப்பு.

படிவம் போனதும் அந்த ஆண்டின் போதை ஒழிந்துவிடும்.

ஏதோ ஒரு மூலையில் நடக்கும் கூத்து என்று இதை ஒதுக்க முடியாது. தில்லியில் 2020 ஆகஸ்ட் 15 அன்று 272 மாவட்டங்களைக் குறிவைத்துத் தொடங்கிய 'நஷா முக்த் பாரத்' இயக்கமும் இதே படிவத்தைத்தான் நிரப்புகிறது, கோடிகளில். இத்தனை கோடிப் பேரைச் சென்றடைந்தோம், அதில் இளைஞர் இத்தனை கோடி, பெண்கள் இத்தனை கோடி. சென்றடைந்த பிறகு அந்தக் கோடிப் பேர் என்ன ஆனார்கள் என்ற வரியைத் தேடினால் கண் வலிக்கும். தமிழ்நாட்டிலும் 2022 ஆகஸ்ட் 11 அன்று முதலமைச்சர் தலைமையில் லட்சக்கணக்கான பிள்ளைகள் கை நீட்டினார்கள். நீட்டிய கைகள் எண்ணப்பட்டன. இறக்கிய கைகள் எங்கே போயின, எந்தச் சட்டைப் பையில் நுழைந்தன, அதில் என்ன பொட்டலம் இருந்தது என்பதெல்லாம் அரசாங்கத்தின் கவலை ஆகுமா?

உறுதிமொழியால் பிள்ளை திருந்துமா என்று அளந்து பார்த்தவர்கள் உலகத்தில் உண்டு. 1983இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 'டேர்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. காக்கிச்சட்டைக்காரர் வகுப்புக்குள் வந்து, போதை வேண்டாம் என்று பாடம் எடுப்பார். பனியன், ஸ்டிக்கர், ஊர்வலம் எல்லாம் அங்கேயும் உண்டு. அமெரிக்கா முழுக்கப் பரவியது. பாடம் கேட்ட பிள்ளைகளைச் சிலர் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 1994இல் வந்த தொகுப்பாய்வு பலன் மிகச் சொற்பம் என்றது. 2003 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு நீண்டகால ஆய்வுகளையெல்லாம் புரட்டிவிட்டு, பாடம் கேட்ட பிள்ளைக்கும் கேட்காத பிள்ளைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. நாம் பனியனையும் ஸ்டிக்கரையும் இறக்குமதி செய்துகொண்டோம். அளவுகோலைச் சுங்கத்திலேயே விட்டுவிட்டோம்.

சரி, தடுப்பது கிடக்கட்டும். ஏற்கெனவே விழுந்துவிட்ட பிள்ளைக்குச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பார்ப்போம்.

போலகத்தில் பதினாறு வயதில் ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். காரைக்கால் மாவட்டத்துத் திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் தொழிற்பேட்டை உள்ள ஊர். அப்பா லோடு ஏற்றி இறக்குகிறார். அம்மா ஏதோ ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறார். பையன் எட்டாம் வகுப்பிலேயே உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் கூல் லிப் புகையிலை வைக்கப் பழகியவன். அந்தச் சின்னப் பொட்டலம் பள்ளிப் பிள்ளைகளைக் கெடுக்கிறது, நாடு முழுக்க இதை ஏன் தடை செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் கேட்டது. கேள்வி நல்ல கேள்வி. பதில் இன்னும் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்குகிறது.

போலகத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வாஞ்சூர், அதைத் தாண்டினால் நாகூர். வாஞ்சூர் வரை புதுச்சேரிச் சட்டம்: குடிப்பதற்கு வயது 18. சோதனைச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாட்டுச் சட்டம்: வயது 21. ஒரே கடற்கரை, ஒரே காற்று, ஒரே கல்லீரல்; நடுவில் ஒரு கம்பு கட்டியிருக்கிறார்கள். கம்புக்கு இந்தப் பக்கம் விலை குறைவு, அந்தப் பக்கம் அதிகம். இந்த வித்தியாசத்தில்தான் ஒரு தொழிலே நடக்கிறது. வேளாங்கண்ணி, நாகூர் என்று புண்ணியத் தலங்களுக்குப் போகும் வண்டிகளோடு வண்டியாகச் சரக்கும் போகிறது. சரக்கைத் தூக்க மீசை முளைக்காத பையன் தோதானவன். மாட்டினால் மைனர் என்று விட்டுவிடுவார்கள் என்பது முதலாளியின் சட்ட அறிவு. நம் பையன் முதலில் பையைத் தூக்கினான். பிறகு பையைப் பிரித்தான். அதற்குப் பிறகு கஞ்சா, வலி மாத்திரை, எது கிடைக்கிறதோ அது.

2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77: குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிரிவு 78: குழந்தையை வைத்து விற்றாலோ தூக்கிச் செல்ல வைத்தாலோ அதே தண்டனை. எத்தனை அருமையான சட்டம்! கடைக்காரர் இதைச் சட்டம் போட்டு மாட்டி, ஊதுபத்தி கொளுத்திவைக்கலாம். புதுச்சேரிப் பிரதேசத்தில் சாராயத்தைத் தயாரித்துக் கொடுப்பதே வில்லியனூர் பக்கத்தில் இருக்கும் அரசு நிறுவனம். சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் கலால்துறை ஏலம் விடுகிறது. ஏலத்தில் பணம் கட்டியவரிடம் போய் "ஐயா, கொஞ்சம் வயதைப் பார்த்து ஊற்றுங்கள்" என்று சொல்ல எந்த அதிகாரிக்கு மனசு வரும்?

அம்மா கடன் வாங்கி ஒரு மையத்தில் சேர்க்கிறார். வாசலில் பலகை: "போதையிலிருந்து முழு விடுதலை. நூறு சதவீத உத்தரவாதம்." மூலத்துக்கும் முழங்கால் வலிக்கும் மருந்து விற்பவர்கள்கூட இந்த அளவுக்குத் துணிவதில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதை சார்ந்த நோய்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 18 வயது நிரம்பாதவரைச் சேர்ப்பதற்குப் பிரிவு 87 என்று தனியாக ஒரு பிரிவே இருக்கிறது. இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துப் படுக்கவைக்கக் கூடாது. இருக்கிற நாள் முழுக்க வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநலச் சீராய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நம் பையனோ நாற்பது வயது லாரி டிரைவருக்கும் ஐம்பது வயது குமாஸ்தாவுக்கும் நடுவில் பாய் விரித்துப் படுக்கிறான். இதற்கு முன் அவனுக்குத் தெரியாமல் இருந்த சரக்கு வகைகளை அங்கே இரண்டு வாரத்தில் தெரிந்துகொள்கிறான். அம்மாவை வாசலோடு அனுப்பிவிட்டார்கள்: "நீங்க இருந்தா பையன் அழுவான், போயிட்டு வாங்க."

ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகு சங்கிலி கூடாது என்று சட்டத்தில் எழுதினோம். 2022 மே மாதம் சென்னை ராயப்பேட்டையில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் இருந்தவர் அடித்தே கொல்லப்பட்டார். இந்த நாட்டில் மறுவாழ்வு மையத்தின் சிகிச்சைப் பலனைத் தேதி, நேரம், காயத்தின் நீள அகலத்தோடு எழுதிவைக்கிற ஒரே இடம் பிணவறை. உயிரோடு வெளியே வந்தவனைப் பற்றி எழுதிவைக்க யாரும் இல்லை.

பையன் உயிரோடுதான் வந்தான். அவனுடைய கேஸ் ஷீட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். சேர்ந்த தேதி. சேர்ந்த அன்று எடை 41 கிலோ. வெளியேறிய அன்று எடை 45. தூக்கம்: நன்று. பசி: நன்று. போதைப் பழக்கம்: இல்லை. முடிவு: குணம். பூட்டிய அறையில் ஒரு மாதம் சரக்கு கிடைக்காதவன் குடிக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்து மருத்துவச் சாதனையாகப் பதிந்திருக்கிறார்கள். இந்த அளவுகோலின்படி பார்த்தால் காரைக்கால் கிளைச் சிறைதான் இந்த வட்டாரத்தின் தலைசிறந்த சிகிச்சை நிலையம்.

மூன்று மாதம் கழித்துப் போன் வரும்.

"அம்மா, மையத்துலேர்ந்து பேசுறோம். பையன் எப்படி இருக்கான்?"

"இருக்கான் சார்."

"மறுபடி எதுவும் தொடலையே?"

"வீட்லயே தங்குறதில்லையே சார், எனக்கு என்ன தெரியும்? நேத்து ராத்திரிகூட…"

"சரிம்மா, மாத்திரையை நிறுத்திடாதீங்க."

பதிவேட்டில் நீல மையில் ஒரு டிக். 'நலமுடன் உள்ளார்.'

இந்த டிக்குகளைக் கூட்டித்தான் சதவீதம் வருகிறது. கூட்டும் வித்தையையும் சொல்லிவிடுகிறேன். நூறு பேர் சேர்கிறார்கள். நாற்பது பேர் பாதியில் ஓடிவிடுகிறார்கள். 'சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று அவர்களை அடித்துவிடலாம். மீதி அறுபது. அதில் நாற்பது பேருடைய போன் நம்பர் இப்போது இல்லை; 'தொடர்பில் இல்லை' என்று அவர்களையும் எடுத்துவிடலாம். மீதி இருபது. அதில் பதினெட்டு அம்மாக்கள் "இருக்கான் சார்" என்கிறார்கள். இருபதுக்குப் பதினெட்டு, தொண்ணூறு சதவீதம். நூற்றுக்குப் பதினெட்டு என்று எந்தப் பலகையிலும் எழுத மாட்டார்கள். ஓடிப்போனவனும் போனை எடுக்காதவனும்தான் பெரும்பாலும் மறுபடி விழுந்தவன் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியாருக்குப் புரியும். மானியக் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவருக்கு ஏன் புரியவில்லை? 15 படுக்கையா, 30 படுக்கையா, 50 படுக்கையா என்று பார்த்து மத்திய அரசு பணம் தருகிறது. படுக்கை ஓடிப்போகாது. படுக்கைக்குப் போன் செய்ய வேண்டியதில்லை.

நாணயமாக அளந்தால் எண் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் 1993 முதல் 1995 வரை நான்கு நகரங்களில் 23 சிகிச்சை நிலையங்களில் சேர்ந்த 1,167 வளரிளம் பருவத்தினரை ஒரு வருடம் கழித்துத் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். வாரந்தோறும் கஞ்சா புகைத்தவர்கள் சேருவதற்கு முந்தைய வருடம் 80 சதவீதம். சிகிச்சைக்குப் பிந்தைய வருடம் 44 சதவீதம். அளவு மீறிக் குடித்தவர்கள் 34இலிருந்து 20 ஆனார்கள். குற்றச் செயல்களில் இருந்தவர்கள் 76இலிருந்து 53. கூடுதல் நாள் தங்கியவர்களுக்குப் பலன் கூடுதல். 2004இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் கஞ்சாப் பழக்கம் உள்ள 600 பிள்ளைகளை ஐந்து விதமான குறுகியகாலச் சிகிச்சைகளில் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே பலன் தந்தன. ஒரு வருடக் கடைசியில் மீண்டு நின்றவர்கள் நாலில் ஒருவர்.

நாலில் ஒருவர். பணம், படித்த மனநல ஊழியர், பின்தொடர ஆள் எல்லாம் இருந்த இடத்தில் கிடைத்த எண் அது. நம்மூர்ப் பலகையில் நூறு. ஒன்று, நம் மையங்களுக்கு உலகத்துக்கே தெரியாத மூலிகை தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாய் கூசாமல் பொய் சொல்கிறார்கள்.

அந்த நாலில் ஒன்று தோல்வியும் அல்ல. மற்ற மூன்று பேரும் கெட்டு ஒழியவில்லை. பலர் குறைத்தார்கள், சிலர் விழுந்து எழுந்தார்கள், சிலர் பள்ளிக்குத் திரும்பினார்கள். போதை திரும்பத் திரும்ப வரும் நோய். எத்தனை நாள் குடித்தான், எத்தனை நாள் குடிக்கவில்லை, வகுப்புக்குப் போனானா, போலீஸில் மாட்டினானா, வீட்டில் சோறு சாப்பிட்டானா, உயிரோடு இருக்கிறானா என்று மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் நேரில் போய்க் கேட்டு எழுதுவதற்குப் பெயர்தான் மதிப்பீடு. இதற்கு ராக்கெட் வேண்டாம். ஒரு சைக்கிள், ஒரு நோட்டு, கேட்டதைத் திரிக்காமல் எழுதும் ஓர் ஆள். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கி, குடித்தவரோடு குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தும் நாம் பார்க்கவில்லை.

கணக்கெடுக்கச் சொல்லி நீதிமன்றமும் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. 2016 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், பச்பன் பசாவோ அந்தோலன் தொடுத்த வழக்கில், பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் எவ்வளவு என்று ஆறு மாதத்துக்குள் கணக்கெடுக்கச் சொன்னது. எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு அறிக்கை 2019 பிப்ரவரியில் வந்தது. ஆறு மாதம் என்பது அரசாங்கக் காலண்டரில் இரண்டு வருடத்துக்கு மேல். ஒயிட்னர், பஞ்சர் சொல்யூஷன் என்று மோந்து பார்க்கும் பழக்கத்தால் உதவி தேவைப்படும் பிள்ளைகள் மட்டும் நாட்டில் 4.6 லட்சம் என்றது அந்த அறிக்கை. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார். தங்கிச் சிகிச்சை பெறுகிறவர் 180இல் ஒருவர். ஆக, நம் பையன் அந்த அதிர்ஷ்டக்காரக் கூட்டத்தைச் சேர்ந்தவன். சிகிச்சை கிடைத்துவிட்டது. பலித்ததா என்று கேட்பது பேராசை.

கணக்கு வைக்கத் தெரியாத அரசாங்கம் என்று யாரும் அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். நீலகிரியில் மதுபாட்டில்கள் காட்டில் உடைந்து கிடந்து யானைகளின் காலில் குத்துகின்றன என்று வழக்கு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் கண்டித்ததும் 2022 மே மாதம் டாஸ்மாக் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கு, ஸ்டிக்கர் ஒட்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் பத்து ரூபாயைக் கொடு. போன பாட்டிலில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் திரும்பி வந்தது. மாவட்டம் மாவட்டமாகத் திட்டம் விரிந்து, போலகத்தின் வாசற்படியில் இருக்கும் நாகப்பட்டினத்துக்கும் அதை அடுத்த திருவாரூருக்கும் வந்தது.

யானைக்கு நல்லது நடந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பாருங்கள்: கடையைவிட்டு வெளியேறிய ஒவ்வொரு காலி பாட்டிலுக்கும் அடையாளம் உண்டு, பின்தொடர்தல் உண்டு, திரும்பி வந்ததா என்று பதிவு உண்டு, வராததற்கு மேலிடத்தில் பதில் சொல்ல ஆள் உண்டு. பாட்டிலைக் காலி செய்த பிள்ளைக்கு இதில் ஒன்றுகூட இல்லை. உள்ளே இருந்த திரவம் ஒரு பதினாறு வயது ஈரலுக்குள் போன பிறகு, அந்த ஈரலைவிடக் கண்ணாடிக்கு மரியாதை அதிகம். பையனின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு வருடம் கழித்து உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தால் பத்து ரூபாய் என்று அறிவித்துப் பார்க்கலாம். வழியில் குடித்துக் கிடப்பவர்களே தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

இன்னொரு அளவீடும் எனக்கு நினைவில் இருக்கிறது. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் மதுக்கடைகளைத் திறந்தபோது, பக்கத்து மாநிலத்துக் கூட்டம் குவியாமலிருக்கப் புதுச்சேரி அரசு சிறப்பு வரி போட்டு, விலையைத் தமிழ்நாட்டு விலைக்கு உயர்த்தியது. எல்லைக் கம்பு அர்த்தம் இழந்தது. கூட்டம் குறைந்தது, வியாபாரமும் சரிந்தது. எந்த நிபுணர் குழுவும் இல்லாமல் காரைக்காலில் நடந்த மிகப் பெரிய போதைத் தடுப்புச் சோதனை அதுதான். அதன் விளைவை மட்டும் அரசாங்கம் மாதாமாதம் ரூபாய் பைசா சுத்தமாக அளந்தது. அளந்து, பலித்திருக்கிறது என்று கண்டு, 2021 ஏப்ரலில் வரியை எடுத்துவிட்டது. போலகத்துப் பையனுக்கு இதைவிடத் தெளிவான மதிப்பீட்டு அறிக்கை கிடைக்கப்போவதில்லை.

இனி உறுதிமொழி எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மோர்ப் பாக்கெட்டைக் குடித்துவிட்டு, அட்டையின் பின்பக்கத்தில் ஒரு தகவல் உரிமை மனு எழுதுங்கள். கட்டணம் பத்து ரூபாய்; காலி பாட்டிலுக்குத் தரும் அதே தொகை. காரைக்காலில் கொடுத்தால் புதுச்சேரிக்கு அனுப்புவார்கள். நடுவில் 130 கிலோமீட்டர் தமிழ்நாடு கிடக்கிறது, பரவாயில்லை. சமூக நலத்துறை சுகாதாரத்துறையைக் காட்டும், சுகாதாரத்துறை போலீஸைக் காட்டும். சட்டத்தின் 6(3) பிரிவுப்படி ஐந்து நாளைக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றிவிடுவதில் நம் அலுவலகங்கள் என்றைக்கும் சோம்பல்பட்டதில்லை. அதனால் முதலிலேயே ஒரு நகலைக் கலால்துறைக்கும் போட்டுவிடுங்கள். கணக்கு வைக்கும் பழக்கம் உள்ள ஒரே வீடு அது. கேள்விகள் இவை:

கடந்த ஐந்தாண்டுகளில் காரைக்கால் மாவட்டத்திலிருந்து போதைச் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட, 18 வயது நிரம்பாதவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பெரியவர்களோடு அல்லாமல் தனி அறையில் வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? வெளியேறிய ஒரு வருடம் கழித்து அரசு ஊழியர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்த்த அன்று பள்ளியிலோ தொழிற்பயிற்சியிலோ இருந்தவர்கள் எத்தனை, சிறையில் எத்தனை, சுடுகாட்டிலும் கபர்ஸ்தானிலும் கல்லறையிலும் எத்தனை? 18 வயது நிரம்பாதவருக்கு ஊற்றிக் கொடுத்ததற்காக இதுவரை ரத்தான மதுக்கடை உரிமங்கள் எத்தனை? பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரவும். 'தகவல் பராமரிக்கப்படவில்லை' என்று எழுத வேண்டாம்.